ஆறு சுத்து

வாங்க, வாங்க. உள்ள வந்து உக்காருங்க. யோகாவுக்குத்தானுங்க? கையில பாயைப் பாத்ததுமே தெரிஞ்சுது. அது ஏழு மணிக்குங்க. இப்ப ஆறே கால்தான் ஆகுது. சனிக்கிழமை சாயந்திரம் ஆறுல இருந்து ஏழு வரைக்கும் இந்த ஹால் என்ற கிளாசுக்கு. அதனால என்ன, நீங்க தாராளமா இருக்கலாம். எடஞ்சல் ஒண்ணும் இல்லை. பாக்கறீங்கல்ல, ஒருத்தரும் வரலை.

சி பிளாக்குக்குப் புதுசா வந்திருக்கறது நீங்கதானா? நல்ல வீடு. தண்ணிப் பிரச்சினை இல்லை. நான் ஏ பிளாக், மூணாவது மாடி. பேரு தெய்வசிகாமணி. என்ன கிளாசுன்னு கேக்கறீங்க. சொன்னா சிரிக்கக் கூடாது. ஸ்காட்லாந்து நாட்டு டான்ஸ். சிரிச்சிட்டீங்க. பரவால்லைங்க, எல்லாரும் மொதல்ல சிரிக்கறதுதான். சிங்காநல்லூர்ல எதுக்கு ஸ்காட்லாந்து டான்சுன்னு அசோசியேசன் கூட்டத்துல ஒருத்தர் கேட்டாரு. கீழ கராத்தே சொல்லித்தர்றாங்களே, அது என்ன சூலூர்ல இருந்து வந்துதான்னு நான் கேட்டேன். உக்காந்துட்டாரு.

ஸ்காட்லாந்துல, அபர்டீன்ல பத்தொம்பது வருஷம் இருந்தவனுங்க நான். கடலுக்கு நடுவுல எண்ணெய் எடுக்கறாங்கல்ல, அங்க கொழாயெல்லாம் சரியா இருக்குதான்னு பாத்து எழுதிக் குடுக்கற வேலை. மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தாலும் என்ற கண்ணுக்குத் தப்பாது. பத்தொம்பது வருஷத்துல ஒரு விரிசலைக் கூட விட்டதில்லைன்னு சர்டிபிகேட் குடுத்தாங்க. வீட்டுல மாட்டியிருக்கேன்.

அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு மாட்டியிருக்கேன். இந்த டான்ஸ் சொல்லித்தர்றதுக்கான சர்டிபிகேட். ரெண்டு வருஷம் படிச்சு, பரீட்சை எழுதி, ஆடிக் காட்டி வாங்கினது. கமலவேணி வாங்கலை. என்ற வீட்டுக்காரம்மாங்க. அவளுக்கு அதுல அவ்வளவு ஆர்வம் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நான் படிக்கப் போனா, பையனை யாராவது பாத்துக்கணுமில்லீங்களா? அவ பாத்துக்கிட்டா.

இருங்க, போன் அடிக்குது. மெசேஜ்தான். அது கெடக்குது விடுங்க.

அந்த டான்ஸ் எப்படின்னா, ரொம்ப சுலபமுங்க. நாலு ஜோடி. ஆம்பளைங்க ஒரு வரிசை, பொம்பளைங்க எதிர் வரிசை. பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்துல நிக்கறது மொத ஜோடி. அப்பறம் ரெண்டு, மூணு, கடைசியில நாலு. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னால 'ஞொய்ங்'னு ஒரு சத்தம் வரும். அதுக்கு ஒருத்தருக்கொருத்தர் குனிஞ்சு கும்பிடு போட்டுக்கணும். முடியும்போதும் அதே மாதிரி ஒரு 'ஞொய்ங்', ஒரு கும்பிடு. நடுவுல மொத ஜோடி ஆடும், மத்தவங்க கை குடுப்பாங்க. மொத ஜோடி ஒரு சுத்து ஆடி ஓரிடம் கீழ எறங்கும். இன்னொரு சுத்து ஆடி இன்னும் கீழ எறங்கும். அப்படியே கடைசிக்குப் போயிரும். உடனே அடுத்த ஜோடி மேல வந்து ஆரம்பிக்கும். ஆளுக்கு ரெண்டு சுத்து. ஒரு சுத்துக்கு முப்பத்திரண்டு எண்ணிக்கை. முப்பத்தொண்ணும் ஆகாது, முப்பத்தி மூணும் ஆகாது.

டான்சைக் கூட எவன் வேணாலும் சொல்லிக் குடுத்தர்லாம். பாட்டைத் தேர்ந்தெடுக்கறதுல இருக்குது சூட்சுமம். வேகமா துள்றதுக்கு ஒரு வகை, ஓடறதுக்கு ஒரு வகை, மெதுவா மெதக்கறதுக்கு ஒரு வகை. அக்கார்டியன் சத்தம் தூக்கலா இருந்தா வயசானவங்களுக்குக் கால் எந்திரிக்கும். பிடில் தூக்கலா இருந்தா மேல பாத்துட்டே காலை மிதிச்சுக்குவாங்க. என்கிட்ட எரநூத்திப் பதினாலு பாட்டு இருக்குதுங்க. ஒவ்வொண்ணும் எந்தக் குழு வாசிச்சுது, எத்தனை நொடி, எந்த எடத்துல வேகம் கொறையுதுன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தா எனக்கு வேற நெனப்பே வராது. கமலம் எதுத்தாப்புல உக்காந்து ஏதாவது பேசிட்டிருப்பா. நான் தலையாட்டுவேன்.

அந்தப் பாட்டுல ஒரு சிக்கல் பாருங்க. எட்டு சுத்தும் வாசிக்கறாங்க. நாலரை நிமிஷம். ஒரு மணி நேரத்துல சொல்லிக் குடுத்து, ஆடி, தண்ணி குடிச்சு, மறுபடி ஆடறதுக்குள்ள யோகாக்காரங்க கதவைத் தட்டிர்றாங்க. கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லலை. அதனால நான் என்ன பண்ணினேன், எல்லாப் பாட்டையும் கம்ப்யூட்டர்ல போட்டு ஆறு சுத்தா வெட்டிட்டேன். வெட்டிட்டு, கடைசியில வர்ற 'ஞொய்ங்'கை எடுத்து ஆறாவது சுத்து முடியற எடத்துல ஒட்டினேன். எரநூத்திப் பதினாலையும். எட்டு மாசம் ஆச்சு. காதை வச்சுக் கேளுங்க, ஒட்டு எங்கன்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்காட்லாந்துக்காரனே வந்தாலும் முடியாது.

ஏனுங்க, விரல் விட்டு எண்ணறீங்க?

ஆமாங்க, ஆறு சுத்துன்னா மூணு ஜோடிக்குத்தான் வரும். அது எனக்குத் தெரியாமலா? நாலாவது ஜோடிக்கு வராதுதான். ஆனா அவங்க சும்மா நிக்கறாங்கன்னு நெனைக்காதீங்க. கை குடுக்கறது, வழி விடறது, எல்லாம் இருக்குது. நாலாவது ஜோடிதான் அஸ்திவாரம். வீடு கட்டினா அஸ்திவாரத்தை யாராவது போட்டோ புடிக்கறாங்களா? அதுக்காக அது வேண்டாமுன்னு ஆயிருமா?

மொத ஜோடி வக்கீல் நடராஜனும் அவரு சம்சாரமும். அவருதான் அசோசியேசன் தலைவரு. ஹால் சும்மா குடுத்திருக்காரு, அவரை நாலாவதா நிறுத்த முடியுமா? ரெண்டாவது, பி பிளாக் டாக்டர் ஜோடி. மூணாவது, மில்லு வச்சிருக்கறவங்க. நாலாவது கமலவேணியும் ஸ்டெல்லா டீச்சரும். ஆம்பளை ஒண்ணு கொறைஞ்சுது, அதனால ஸ்டெல்லா டீச்சர் ஆம்பளை வரிசையில நின்னாங்க. நான் நிக்கலாமேங்கறீங்களா? வாத்தியார் ஆடினா எண்ணறது யாருங்க? மூணு வருஷம் அதே எடம், அதே ஜோடி. எடத்தை மாத்தினா கொழம்பிருவாங்க.

இன்னொண்ணு கவனிக்கணும் நீங்க. ஆறு சுத்து முடியும்போது மூணு ஜோடியும் ஒவ்வொண்ணா கீழ போயிருமில்ல? அப்ப நாலாவது ஜோடி எங்க வந்து நிக்கும்? மேல! பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்துல, மொத எடத்துல! வந்து நிக்கும், 'ஞொய்ங்', கும்பிடு, முடிஞ்சுது. ஒவ்வொரு டான்சும் முடியறப்போ என்ற சம்சாரம் என் பக்கத்துல, தலை எடத்துல நிப்பா. நானும் அவளுக்கு ஒரு கும்பிடு போடுவேன். எவ்வளவு கௌரவம் பாருங்க. வேற எந்த ஜோடிக்கும் அது கெடைக்கலை.

மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தா. வீட்டுக்குப் போயிட்டு இருக்கும்போது, லிப்டுல, "பாட்டு சீக்கிரம் முடிஞ்சிருதுங்க மாமா" அப்படின்னா. எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்துது. நேரம் போறதே தெரியாம ஆடறாங்கன்னுதான அர்த்தம்? அன்னிக்கு ராத்திரி நோட்டுல கூட எழுதி வச்சேன்.

இப்படி நல்லாப் போயிட்டிருந்த கிளாஸ்தானுங்க. போன பொங்கலுக்குக் கெட்டுது.

அசோசியேசன் பொங்கல் விழா. எங்களுக்கு நாலு நிமிஷம் ஒதுக்கினாங்க. நான் மூணு மாசம் பாட்டு கேட்டேன். எரநூத்திப் பதினாலுல இருந்து முப்பது, முப்பதுல இருந்து ஆறு, ஆறுல இருந்து ஒண்ணு. அப்படியொரு பாட்டுங்க. மொத மெட்டு கேட்டாலே உடம்புல எங்கியோ ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். கமலம் அதைக் கேட்டுட்டு, காப்பி டம்ளரைக் கீழ வச்சா. "மாமா, இதை மட்டும் முழுசா போடுங்க. எட்டு சுத்தும்" அப்படின்னா. நாலரை நிமிஷம் வரும், நமக்குக் குடுத்தது நாலுதான்னு சொன்னேன். "அரை நிமிஷம்தானுங்க" அப்படின்னா. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குதில்ல அம்மணின்னேன். அவ டம்ளரை எடுத்துட்டுப் போயிட்டா. விழாவுல தலைவரு இருபத்தஞ்சு நிமிஷம் பேசினாரு. அது வேற விஷயம்.

மேடையில ஏறினாங்க. முந்நூறு பேரு கீழ. மேடைக்குப் பக்கத்துல பேண்டு செட்டுக்காரங்க அஞ்சாறு பேரு காத்துட்டிருந்தாங்க, எங்களுக்கு அப்பறம் பொங்கப்பானை ஊர்வலம். பாட்டைப் போட்டேன். அருமையா ஆடினாங்க. ஆறு சுத்து. கமலமும் ஸ்டெல்லா டீச்சரும் மேல வந்து நின்னாங்க. 'ஞொய்ங்'. எல்லாரும் குனிஞ்சாங்க.

இவ குனியலை.

நேரா நின்னுட்டிருக்கறா. நான் கண்ணைக் காட்டறேன். குனியலை. என்னைப் பாத்தா. ஸ்டெல்லா டீச்சர் கையைப் புடிச்சா. புடிச்சிட்டு ஏழாவது சுத்தை ஆரம்பிச்சுட்டாங்க. பாட்டே இல்லாம! முந்நூறு பேரு முன்னால, சத்தமே இல்லாம, ரெண்டு பொம்பளைங்க ஆடறாங்க. பலகை மேல செருப்புச் சத்தம் மட்டும் கேக்குது. நான் பெட்டியில கையை வச்சுட்டு நிக்கறேன். போடறதுக்கு என்கிட்ட என்ன இருக்குது? வெட்டின பாட்டுதான இருக்குது.

மத்தவங்களாவது சும்மா நின்னிருக்கலாம். நிக்கலை. நான் பழக்கின பழக்கம் அப்படி. இவ கையை நீட்டினா வக்கீல் கை தானா வருது. டாக்டரம்மா வழி விடறாங்க. ஒரு தப்பு இல்லைங்க. என்ற கிளாஸ்லயே அவ்வளவு சுத்தமா ஆடினதில்லை.

ஏழாவது முடிஞ்சு எட்டாவது சுத்து ஆரம்பிக்கறப்போ அந்த பேண்டு செட்டுல இருந்து ஒருத்தர் கிளாரினெட்டை எடுத்து வாயில வச்சாரு. மரியசூசைன்னு பேரு, ஒண்டிப்புதூர்க்காரரு. கல்யாணத்துக்கும் வாசிப்பாரு, சாவுக்கும் வாசிப்பாரு. இந்தப் பாட்டை அவரு வாழ்நாள்ல அன்னிக்குத்தான் கேட்டாரு, அதுவும் ஒரு தடவை. மொத மெட்டை அப்படியே புடிச்சு வாசிச்சாரு பாருங்க. அந்த மாதிரிப் பாட்டுல ஒரு வழக்கம் இருக்குது. மொத சுத்துல வர்ற மெட்டு நடுவுல எங்கியும் வராது, எட்டாவது சுத்துலதான் திரும்ப வரும். நான் வெட்டினதுல அது போயிருந்துது. இவருக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு இன்னிக்கும் வெளங்கலை. கை தட்டினாங்க. நான் தட்டலை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். இப்படி அவமானப்படுத்தலாமா அம்மணின்னு கேட்டேன். சண்டையெல்லாம் போடலைங்க அவ. அரிசி களைஞ்சுட்டே சொன்னா. "மூணு வருஷமா மேல வந்து நிக்கறேன், கும்பிடு போடறேன், வீட்டுக்கு வர்றேன். அவ்வளவுதானுங்க மாமா." அதுதான கௌரவம்னேன். என்னை நிமிந்து பாத்தா. அரிசித் தண்ணியைச் செடிக்கு ஊத்தப் போயிட்டா.

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் ஹாலுக்குக் கெளம்பறேன், அவளும் கெளம்பறா. நான் லிப்டுல மூணுல இருந்து ஒண்ணுக்கு. அவ மூணுல இருந்து அடித்தளத்துக்கு. "எனக்கும் கிளாஸ் இருக்குதுங்க" அப்படின்னா. கார் நிறுத்தற எடத்துல, ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்துல. சர்டிபிகேட் இல்லாம! ஸ்டெல்லா டீச்சர் மொதல்ல போனாங்க. அப்பறம் டாக்டர் ஜோடி. அப்பறம் மில்லுக்காரங்க. வக்கீலு ரெண்டு வாரம் இங்க வந்தாரு, ஒரு ஜோடியை வச்சுட்டு என்ன பண்றது, பேசிட்டிருந்தோம். மூணாவது வாரம் அவரும் எறங்கிட்டாரு.

கேக்குதுங்களா? ஜன்னலைக் கொஞ்சம் திறக்கறேன் பாருங்க. இப்பக் கேக்குதில்ல? அந்தக் கிளாரினெட்தான். வாரா வாரம் வந்து வாசிக்கறாரு. எட்டு சுத்துன்னு கணக்கு ஒண்ணும் அவருகிட்டக் கெடையாது. ஒரு தடவை நான் குப்பை போடப் போற மாதிரி கீழ போயிக் கேட்டேன். என்னங்க சூசை, எத்தனை சுத்துன்னு எப்படித் தெரிஞ்சு நிறுத்தறீங்கன்னு. அவரு சொல்றாரு, "ஊர்வலத்துல கடைசி வீட்டுக்காரங்க ஆரத்தி எடுத்துட்டு வெளிய வர்ற வரைக்கும் வாசிக்கணுமுங்க. அவங்க மூஞ்சியைப் பாத்துத்தான் நிறுத்தறது." இது ஒரு பதிலுங்களா? எண்ணிக்கை இல்லாம மூஞ்சியைப் பாத்து வாசிக்கறதா? நோட்டுல இதை எப்படி எழுதறது?

வீட்டுல எல்லாம் வழக்கம் போலத்தான். காப்பி குடுக்கறா, மாத்திரையை எடுத்து வைக்கறா. கொறை ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா சனிக்கிழமை ராத்திரி அவ மேல வரும்போது மூஞ்சியைப் பாக்கணும் நீங்க. வேர்த்திருக்கும், செவந்திருக்கும். அந்த மூஞ்சியை நான் இதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்திருக்கேன்.

அபர்டீனுக்குப் போன மொத வருஷம். எங்க பாத்தாலும் பனி. நாலு மணிக்கே இருட்டிரும். பேச ஒரு ஆள் இல்லை அவளுக்கு. லைப்ரரியில நோட்டீசு பாத்து அவதான் மொதல்ல அந்த சர்ச் ஹாலுக்குப் போனா. ஆமாங்க, அவதான் போனா, நான் கூட்டிட்டு வரப் போனவன். கோட்டைக் கூட கழட்டாம கதவுகிட்ட நிக்கறேன். அங்க மோராக்குன்னு ஒரு அம்மா, வாத்தியாரு. என்னைப் பாத்து, ஆள் ஒண்ணு கொறையுது, நாலாவது எடம் காலியா இருக்குது, வா அப்படின்னாங்க. ஈரக் கோட்டோட போயி கமலத்துக்கு எதுத்தாப்புல நின்னேன். ஒண்ணும் தெரியாது ரெண்டு பேருக்கும். கெழவர் ஒருத்தர் அக்கார்டியன் வாசிச்சாரு. மத்தவங்க எல்லாம் ஆடி முடிச்சாச்சு, இதோட நிறுத்திருவாருன்னு நான் நெனைச்சேன். நிறுத்தலை. எங்களைப் பாத்து தலையை ஆட்டிட்டு வாசிச்சுட்டே இருந்தாரு. கமலம் என்ற கையைப் புடிச்சு இழுத்தா. அப்ப சிரிச்சா பாருங்க! ஊர் விட்டு வந்து ஆறு மாசத்துல அன்னிக்குத்தான் பல்லுத் தெரியச் சிரிச்சா. அந்தச் சிரிப்புக்காகத்தானுங்க நான் இந்த டான்சையே கத்துக்கிட்டேன். அப்பறம் பரீட்சை, சர்டிபிகேட், நோட்டுன்னு ஆயிப்போச்சு. எதுக்கு இதைச் சொன்னேன்னு மறந்துட்டேன். வேற ஒண்ணும் இல்லை, அந்தக் கெழவருக்கும் கணக்கு தெரியாதுன்னு சொல்ல வந்தேன்.

போன சனிக்கிழமை இங்க தனியா உக்காந்து அந்தப் பொங்கல் பாட்டைப் போட்டேன். நாலு ஜோடி நிக்கற மாதிரி நெனைச்சுக்கிட்டேன். அழுகை வந்துருச்சுங்க. அறுபத்தாறு வயசுல, ஃபேனுக்குக் கீழ நின்னு அழுதேன். நல்லவேளை, ஆறு சுத்துலயே முடிஞ்சுது.

மறுபடி அடிக்குது பாருங்க போன். சரி, உங்ககிட்ட என்ன மறைக்கறது. அவதான். ஆறு மணியில இருந்து மூணாவது மெசேஜ். கண்ணாடி போட்டிருக்கீங்க, நீங்களே படிங்க. "ஸ்டெல்லா டீச்சர் மக வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு ஜோடி இல்லை. நாலாவது எடம் காலியா இருக்குது. வர்றீங்களா மாமா?" கடைசியா இப்ப வந்தது என்னங்க? "சூசை அண்ணன் பொங்கல் பாட்டை இன்னும் ஆரம்பிக்கலை. காத்திருக்காரு."

பாத்தீங்களா நியாயத்தை? சர்டிபிகேட் வாங்கினவன் நானு. என்னைக் கூப்புட்டு கடைசியில நிக்கச் சொல்றா. நின்னு என்ன பண்றது? வக்கீலு ஆடுவாரு, கை குடுக்கணும். டாக்டர் ஆடுவாரு, வழி விடணும். மில்லுக்காரரு ஆடுவாரு. எனக்கு எப்ப வரும்? எண்ணிப் பாருங்களேன். ஒண்ணு, ரெண்டு, வக்கீலு. மூணு, நாலு, டாக்டரு. அஞ்சு, ஆறு, மில்லு. எனக்கும் கமலத்துக்கும் ஏழாவது சுத்துல வரும்.

ஏழாவது சுத்து.

என்ற பாட்டுல ஏழே கெடையாதுங்களே. எரநூத்திப் பதினாலுலயும் கெடையாது. நானே உக்காந்து வெட்டினேன். ஒட்டுக் கூட தெரியாம வெட்டினேன். மூணு வருஷம், வாரா வாரம், அவ மேல வந்து நின்னு, இப்ப வரும் இப்ப வருமுன்னு நிக்கறப்போ, நான் 'ஞொய்ங்'னு...

இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? யாராவது கேட்டா கிளாஸ் இல்லைன்னு சொல்லிருங்க. யோகா முடிஞ்சதும் ஃபேனை மட்டும் மறக்காம நிறுத்திருங்க. லிப்டு எங்க நிக்குதுன்னு பாருங்க... வேண்டாம் வேண்டாம், நான் படியிலயே எறங்கறேன்.